கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினா நம்பிடுவீங்களா?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். செல்போனைப் பாக்கெட்ல போட்டுட்டு வாங்க.

கத்திரிக்காய் கிலோ 60 ரூபாய். உங்களுக்கு வேண்டியது 350 கிராம். எவ்வளவு ஆச்சு?

பாக்கெட்டுக்குப் போன கை பாதியில நின்னுச்சா? நல்லது. தெருமுனையில் தள்ளுவண்டி போட்டிருக்கிற அம்மா இந்தக் கணக்கை எப்படிப் போடுறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. 350-ஐ ஆயிரத்தால் வகுத்து, அதை 60-ஆல் பெருக்கி... அதெல்லாம் கிடையவே கிடையாது. கிலோ 60-ன்னா நூறு கிராம் 6 ரூபாய். மூவாறு பதினெட்டு, மேல இருக்கிற அம்பது கிராமுக்கு மூணு. 21 ரூபாய். முடிஞ்சுது! காயைப் பையில் கொட்டி, கொசுறா ரெண்டு கொத்து கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்துடுவாங்க. நாம இன்னும் போனை அன்லாக் பண்ணிட்டு இருப்போம்.

‘இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது பாஸ்? அதான் போன்லயே கால்குலேட்டர் இருக்கே’ என்கிறீர்களா? நியாயமான கேள்வி. உங்க வாத்தியார் மாதிரி ‘மூளை துருப்பிடிச்சிடும்’னு பயமுறுத்த மாட்டேன். ஆனா, இந்த 21 ரூபாய் விஷயத்தில் கொஞ்சம் பெரிய தொகைகளும் மாட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பார்ப்போம்.

சில்லறையோடு போன கணக்கு

மனக்கணக்கைக் கொன்னது கால்குலேட்டர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதில் பாதி சந்தேகம் உண்டு. கால்குலேட்டர் வந்த பிறகும் கடையில் காசு கொடுத்து மீதி வாங்கிக்கிட்டுதானே இருந்தோம்? 21 ரூபாய்க்கு அம்பது ரூபாய் நோட்டை நீட்டினா, கடைக்காரர் கழித்தல் கணக்கே போட மாட்டார். மேல எண்ணிக்கிட்டே போவார். நாலு ரூபாய் சில்லறையை வெச்சு ‘இருபத்தஞ்சு’, ஒரு அஞ்சு ரூபாயை வெச்சு ‘முப்பது’, ரெண்டு பத்தை வெச்சு ‘அம்பது... சரியா?’ என்பார். பஸ் கண்டக்டர் அதுக்கும் மேல. ‘ஒரு ரூபா இருந்தா கொடு தம்பி, முப்பதா தர்றேன்’ என்பார், கூட்டத்தில் தொங்கிக்கிட்டே.

2016 ஏப்ரலில் யூபிஐ வந்தது. அதே வருஷம் நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமப் போச்சு. அப்புறம் கடைக்குக் கடை க்யூஆர் கோடு. இப்போ ஸ்கேன் பண்றோம், அவர் சொன்ன தொகையைத் தட்டுறோம், ஸ்பீக்கர் பெட்டி ‘பணம் வந்தது’ன்னு கத்துது. கழித்தலும் இல்லை, மீதியும் இல்லை. அட, கால்குலேட்டரைக்கூடத் தொடுறதில்லை! தினமும் அஞ்சு தடவை நமக்கே தெரியாம நடந்த பயிற்சி சத்தமில்லாம நின்னு போச்சு.

அதுக்கும் முன்னாடி நிலைமை வேற. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ‘எண்சுவடி’ என்று ஒன்று இருந்தது. முழு எண்களுக்கு மட்டுமில்லை, பின்னத்துக்கும் வாய்ப்பாடு! அரைக்கால்னா 1/8, மாகாணின்னா 1/16, மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இதில் மாகாணிங்கிற பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மா, காணி. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டினா 5/80, அதாவது 1/16. பேருக்குள்ளேயே கூட்டல் கணக்கை ஒளிச்சு வெச்சிருக்காங்க! 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வரும்வரைக்கும் ஒரு ரூபாய்க்கு 16 அணா. பதினாறாம் வாய்ப்பாடு தெரியாம கல்லாவில் உட்கார முடியாத காலம் அது.

ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்னு உருக வேண்டாம். அந்தத் திண்ணையில் உட்கார எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைச்சிடலை. இடம் கிடைச்சவங்களுக்கும் வாய்ப்பாட்டோடு சேர்த்துப் பிரம்படி கிடைச்சது. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா ஒப்பிக்கிறவன்தான் புத்திசாலின்னு நான் சொல்ல வரலை. ‘அபாகஸ் கத்துக்கிட்டா குழந்தை ஜீனியஸ் ஆயிடும்’ என்கிற நோட்டீஸைப் பார்த்திருப்பீங்க. குஜராத்தில் வதோதரா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை மூணு வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2016-ல் ஒரு ஆய்வு வெளியாச்சு. அபாகஸ் மனக்கணக்கு கத்துக்கிட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு நல்லா வந்தது. அவ்வளவுதான். ஞாபகசக்தி மாதிரி மத்த திறமைகள் அதனால் கூடினதாத் தெரியலை. கணக்கு கத்துக்கிட்டா கணக்கு வரும்!

சைன் 30 மைனஸா?

இப்போ கால்குலேட்டர் பக்கத்துக்கு வருவோம். அது மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இன்ஜினீயரிங் படிக்கிறவங்களைக் கேளுங்க. செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்குக் காலையில ஹாஸ்டல் முழுக்க ‘மச்சி, உன் கேசியோ 991 எம்எஸ் கொஞ்சம் கொடுடா’ என்கிற குரல்தான். அது இல்லாம மூணு மணி நேரத்தில் பேப்பரை முடிக்க முடியாது. முடிக்கணும்னு அவசியமும் இல்லை. அப்பா காலத்தில் கிளார்க்ஸ் டேபிளில் லாகரிதம் தேடிக் கண்ணு பூத்துப் போனாங்களே, அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த புண்ணியவான் அது.

தேர்வு நடத்துறவங்களே இதை ஒத்துக்கிட்டாங்க. ஐ.ஐ.எம். நுழைவுக்கான கேட் தேர்வில் 2015-லிருந்து கம்ப்யூட்டர் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் உண்டு. இன்ஜினீயரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் அப்படித்தான். (ரெண்டுமே தமிழில் ‘கேட்’தான், நான் என்ன பண்றது!) கால்குலேட்டர் இருக்கேன்னு அந்தத் தேர்வுகள் சுலபமாயிடலைங்கிறது எழுதினவங்களுக்குத் தெரியும். எந்தக் கணக்கைப் போடணும்னு அந்தப் பெட்டி சொல்லாது.

சரி, அந்த 991-ஐ கையில் எடுங்க. சைன் 30 தட்டுங்க. 0.5 வரணும். யாரோ கடன் வாங்கி ரேடியன் மோடில் விட்டுட்டுப் போயிருந்தா, மைனஸ் 0.988 வரும். பிராக்டிகல் நோட்டில் அதை அப்படியே எழுதி, நாலு தசமத்துக்குத் திருத்தமும் பண்ணி வெச்சவங்க உங்க பெஞ்சிலேயே ஒருத்தர் இருப்பாங்க. இன்னொண்ணு. 2 + 3 × 4 என்று மளிகைக்கடை டேபிள்ல இருக்கிற பெரிய பட்டன் கால்குலேட்டரில் தட்டினா பெரும்பாலும் 20 என்று சொல்லும். உங்க 991 அதையே 14 என்று சொல்லும். ரெண்டு மெஷினும் ரிப்பேர் இல்லை. ஒண்ணு தட்டத் தட்டக் கூட்டிக்கிட்டே போகுது, இன்னொண்ணு முதலில் பெருக்குது. எது வேணும்னு தெரிஞ்சிருக்க வேண்டியது நீங்கதான்.

விஷயமே இங்கேதான் இருக்கு. அமெரிக்காவில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை வெச்சு ஒரு குறும்பான சோதனை பண்ணினாங்க. 2019-ல் முடிவு வெளியாச்சு. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கால்குலேட்டர். அது நடுநடுவே பொய் சொல்லும்! சரியான விடையோடு 15 சதவீதத்தைச் சேர்த்துக் காட்டும். எத்தனை பேர் ‘என்னடா இது, இடிக்குதே’ன்னு திரும்பிப் பார்த்தாங்கன்னு நினைக்கிறீங்க? ரொம்பக் கொஞ்சம் பேர். அடுத்த கட்டத்தில் 120 சதவீதம் வரைக்கும் பொய்யைக் கூட்டினாங்க. பிளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ் போட்டாங்க. சந்தேகப்பட்டவங்க யாருன்னு பார்த்தா, எண்களோடு ஏற்கெனவே பழக்கம் உள்ளவங்க. கவனிங்க, அவங்களும் மத்தவங்க அளவுக்கே கால்குலேட்டரைப் பயன்படுத்தினவங்கதான். வித்தியாசம் அதைத் தொடுறதிலா தொடாததிலா என்பதில் இல்லை. அது சொன்ன விடையை முகர்ந்து பார்க்கத் தெரிஞ்சிருந்ததில்தான்.

மனக்கணக்குன்னதும் நமக்கெல்லாம் சகுந்தலா தேவி ஞாபகம் வரும். 1980 ஜூன் 18-ஆம் தேதி லண்டன் இம்பீரியல் காலேஜில் 7,686,369,774,870 என்ற எண்ணை 2,465,099,745,779 என்ற எண்ணால் 28 விநாடியில் பெருக்கினார். விடை 18,947,668,177,995,426,462,773,730. கின்னஸ் புத்தகத்திலும் ஏறிய சாதனை. அது நமக்கு வராது, வரவும் வேண்டாம். ஆனா அந்த விடை பொருத்தமா இல்லையான்னு நீங்க மூணே விநாடியில் பார்க்கலாம். முதல் எண் ஏழே முக்கால் பக்கம், ரெண்டாவது ரெண்டரை பக்கம். பெருக்கினா 19 பக்கம் வரணும். வருது. கடைசியில் ஒரு பூஜ்யம், ஒரு ஒன்பது. பெருக்கினா பூஜ்யத்தில் முடியணும். முடியுது. இதைப் போட ஜீனியஸா இருக்க வேண்டாமே. நமக்குத் தேவை இந்த மூணு விநாடி வேலைதான்.

ஒரு பவுனுக்கு ஒன்பதரை கிராம்

அந்த மூணு விநாடி எங்கே பணமாகுதுன்னு பார்ப்போமா? அக்கா கல்யாணத்துக்கு நகைக்கடைக்குப் போறீங்க. எட்டு கிராம் செயின், அதாவது ஒரு பவுன். சேதாரம் 15 சதவீதம். விற்பனையாளர் கடகடன்னு கால்குலேட்டரைத் தட்டி, அப்படியே உங்க பக்கம் திருப்பிக் காட்டுவார். திரையில் ஒரு நீளமான எண். எல்லாரும் தலையாட்டுவாங்க. கால்குலேட்டரே சொல்லிடுச்சே!

அவர் தட்டிக்கிட்டு இருக்கும்போதே நீங்க இதைப் போடுங்க. எட்டு கிராமில் 10 சதவீதம் 0.8. அதில் பாதி 0.4. ஆக சேதாரம் 1.2 கிராம். கையில் வர்றது 8 கிராம், காசு கொடுக்கிறது 9.2 கிராமுக்கு. மேலே ஜிஎஸ்டி 3 சதவீதம், அது கால் கிராமுக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஒன்பதரை கிராம் விலை. அன்னிக்கு கிராம் விலை எதுவா இருந்தாலும் சரி, ஒன்பதரையால் பெருக்கினா வர்ற தொகைக்குப் பக்கத்தில்தான் பில் இருக்கணும். தனியா செய்கூலி, கல் விலை எதுவும் சொல்லாமலேயே அதைத் தாண்டிப் போச்சுன்னா, ‘அண்ணே, சேதாரம் எத்தனை பர்சன்ட் போட்டீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி. 15-க்குப் பதிலா 18 விழுந்திருந்தா வித்தியாசம் கால் கிராம் பக்கம் வரும். தங்கத்தில் கால் கிராம் சும்மாவா?

ஆடித் தள்ளுபடியில் ‘50% + 20%’ போர்டு பார்த்திருப்பீங்க. 70 போகுதுன்னு மனசு துள்ளும். 2,000 ரூபாய் சட்டை முதலில் ஆயிரமாகும். அந்த ஆயிரத்தில்தான் 20 சதவீதம் போகும். கொடுக்கிறது 800. தள்ளுபடி 60 தான். இது சின்ன சமாசாரம், சட்டையோடு போயிடும்.

பைக் லோன் அப்படிப் போகாது. ஷோரூமில் சொல்றாங்க: ‘60,000 லோன், ரெண்டு வருஷம், பத்தே பர்சன்ட் வட்டி சார். வருஷம் 6,000, ரெண்டு வருஷத்துக்கு 12,000. மொத்தம் 72,000. மாசம் மூவாயிரம் கட்டினாப் போதும்.’ கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க, ஒவ்வொரு வரியும் சரியா இருக்கும். ஆனா யோசிங்க. 60,000 ரூபாய் ரெண்டு வருஷமும் முழுசா உங்க கிட்டயா இருந்தது? முதல் மாசத்திலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கிட்டு வர்றீங்க. சராசரியா பார்த்தா உங்க கையில் இருந்தது அதில் பாதி, 30,000 பக்கம். பாதிப் பணத்துக்கு வருஷம் 6,000 வட்டின்னா 20 சதவீதம் மாதிரி ஆச்சே! துல்லியமா போட்டா 18 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். இதுக்குப் பேர் ‘ஃப்ளாட் ரேட்’. ஃப்ளாட்டுன்னு காதில் விழுந்தாலே, சொன்ன வட்டியை ஏறக்குறைய ரெண்டால் பெருக்கிக்குங்க. ‘குறையும் அசலில் 14 சதவீதம்’னு ஒரு பேங்க் சொல்லும்போது, ‘பக்கத்தில் பத்துக்கே தர்றாங்களே’ன்னு எழுந்து வந்துடாதீங்க. பதினாலுதான் மலிவு.

இன்னும் கீழே இறங்கினா தண்டல். பத்தாயிரம்னு எழுதி 8,500-ஐ கையில் கொடுப்பாங்க. தினம் நூறு ரூபாய், நூறு நாள். ‘ஆயிரத்தைநூறுதானே’ன்னு தோணும். இங்கேயும் அதே பாதிக் கணக்குதான். சராசரியா கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம், அதுக்கு மூணே கால் மாசத்தில் 1,500 வட்டி. வருஷக் கணக்காக்கினா நூறு சதவீதத்தைத் தாராளமா தாண்டிடும். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது. இப்போ அதே தண்டல் போனுக்குள் ஆப் ஆக உட்கார்ந்துக்கிட்டு காலேஜ் பசங்களைத் தேடுது. உதாரணத்துக்கு, 5,000 கேட்டா பிடித்தம் போக 3,500 வரும், ஒரே வாரத்தில் 5,000-ஆ கட்டணும்னு வெச்சுக்குங்க. ஏழு ரூபாய்க்கு மூணு ரூபாய் வட்டி, அதுவும் ஏழே நாளைக்கு! இந்த ஆப்பைத் திறக்கிற அதே போனில்தான் கால்குலேட்டரும் இருக்கு. ஆனா மனசுக்குள் ஒரு மணி அடிச்சாத்தானே விரல் அந்தப் பக்கம் போகும்?

கடைப் பையனும் பள்ளிப் பையனும்

அப்போ ஸ்கூல்ல படிச்ச கணக்கெல்லாம் எதுக்கு? இந்தக் கேள்விக்கு 2025-ல் ‘நேச்சர்’ இதழில் கொஞ்சம் சங்கடமான ஒரு பதில் வந்தது. நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோவும் மத்தவங்களும் சேர்ந்து செய்த ஆய்வு. கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்டுகளில் வியாபாரத்தில் இருக்கிற 1,436 சிறுவர் சிறுமியர். இத்தனை கிலோ இது, இத்தனை கிலோ அது, மீதி எவ்வளவுன்னா சட்டுனு சொல்றாங்க. அதே அளவு கணக்கை, ஏன் அதைவிடச் சின்னதையே, பள்ளிக்கூடப் பாணியில் வெறும் எண்ணா பேப்பரில் கொடுத்தா முழிக்கிறாங்க. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிற, கடை அனுபவமே இல்லாத 471 பிள்ளைகள் இதுக்கு நேர் எதிர். பேப்பரில் ஓகே. ஆனா கடைப் பிள்ளைகளில் மூணில் ஒரு பங்குக்கும் மேல் சரியா போட்ட ஒரு வியாபாரக் கணக்கை, இவங்களில் நூத்துக்கு ஒருத்தர்தான் போட்டார்.

இதில் யாரைக் கொண்டாடுறது? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயசில் தராசு பிடிக்கிற பிள்ளையைக் காட்டி ‘பார், என்ன மூளை’ன்னு மெச்சிக்க எனக்கு மனசு வரலை. அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சதைப் பள்ளிக்கூடம் அடையாளமே கண்டுக்கலை, பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது கடைத்தெருவுக்கு வந்து சேரலை. நடுவில் ஒரு சுவர். டெக்சாஸ் சோதனையிலும் ஒரு விஷயம் கவனிச்சாங்க. கணக்கை வெறும் எண்ணா கொடுக்காம, நிஜப் பொருளோடு சேர்த்துக் கொடுத்தப்போ கால்குலேட்டரின் பொய்யைக் கண்டுபிடிச்சவங்க கூடினாங்க. 350 × 0.06-ல் வராத சந்தேகம் கத்திரிக்காயில் வரும்!

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐபிபிஎஸ் பேங்க் பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிஷம். கேள்விக்கு 34 விநாடி. கால்குலேட்டருக்கு உள்ளே அனுமதி இல்லை. 50-இல் 18 சதவீதம் கேட்டா, அதைத் திருப்பிப் போட்டு 18-இல் 50 சதவீதம், 9 என்று டிக் அடிக்கிறவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்க. 650-க்கு 18 சதவீதம்னா, 20 சதவீதம் 130, அதில் 2 சதவீதமான 13-ஐ எடுத்தா 117. இந்த மாதிரி நாலு குறுக்கு வழி கையில் இருந்தா கோச்சிங் சென்டர் புத்தகத்தில் பாதிப் பக்கம் பழகின மாதிரி இருக்கும்.

பயிற்சிக்குத் தனியா உட்கார வேண்டாம். சாயங்காலம் டீக்கடைக்கு எப்படியும் போவீங்க. அங்கே ஒரு ஆட்டம் ஆடுங்க. காசு கேட்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஆளுக்கு ஒரு தொகை சொல்லணும். போனைத் தொட்டா அவுட். சரியான தொகைக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிறவர் மொத்தத்தையும் கொடுக்கணும். அஞ்சு டீ பதினஞ்சு ரூபாய் வீதம், ஏழு பஜ்ஜி பன்னிரண்டு வீதம், மூணு பன் எட்டு வீதம்... சொல்லுங்க பார்ப்போம்! டீ மாஸ்டரை மட்டும் ஆட்டத்தில் சேர்த்துக்காதீங்க. டீயை ஆத்திக்கிட்டே ‘நூத்தி எம்பத்து மூணு’ன்னு சொல்லிடுவார்.